மூன்று என்று எழுதிய கிண்ணம்

...ஐம்பதுக்கு ஐம்பதா, எழுபதுக்கு முப்பதா, இதில் அப்படி என்ன பெரிய வித்தியாசம், இருபது மில்லி, இரண்டு வாய் காப்பிகூட வராது, இருபது மில்லிக்காக உலகம் குடைசாய்ந்து விடுமா என்ன என்று உஷாராணி தன்னைத்தானே கேட்டுக்கொண்டு அளவுக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், மணி ஒன்பதரை, பத்தரைக்கு எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குள் கலக்கி, வேகவைத்து, கிண்ணங்களில் போட்டு மூடி, சூடு ஆறாமல் வைத்தாக வேண்டும்... முட்டைப் பவுடர் ஃபேக்டரியின் லேபில் பதினான்கு வருடமாக இருக்கிறவள், கை நடுங்கி இதுவரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை, இன்றைக்கும் நடுங்கவில்லை, நடுங்கினால் தேவலை என்றிருந்தது. மேசையில் மூடி போட்ட மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். பூஜ்யம், மூன்று, ஆறு என்று அவள் கையாலேயே எழுதி ஒட்டியவை. பூஜ்யம் என்றால் முட்டையில் மீன் வாடை துளியும் இல்லை, ஆறு என்றால் மூடியைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கிறது, மூன்று என்றால் இருக்கிறது, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் முகர்ந்து மனதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் எட்டுப் பேரும் பண்ணைகளின் முட்டைக்கு எண் போடுவார்கள், மூன்று வரைக்கும் வண்டி உள்ளே வரும், மூன்றைத் தாண்டினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சரி, மூன்று எது? அதுதான் வேடிக்கை, மூன்று ஒன்றும் வானத்திலிருந்து இறங்கி வந்துவிடவில்லை, உஷாராணி எதைக் கலந்து மூன்று என்கிறாளோ அதுதான் மூன்று.

இந்த மூன்று கிண்ணங்களுக்காகப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்... ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் பவுடர் கடல் தாண்டிப் போய் அப்படியே திரும்பி வந்தது, கேக்கில் மீன் வாடை அடிக்கிறதாம். இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, மேனேஜர் தீனதயாளன் பாக்கெட்டைப் பிரித்து மூக்குக்குள் கொட்டிக்கொள்ளாத குறை, "முட்டைன்னா முட்டை வாசந்தானுங்க வரும், பின்ன மல்லிகைப்பூ வாசமா வரும்?" என்றார். பதினாறு பண்ணை முட்டையும் ஒரே தொட்டியில் உடைந்து கலக்கிறது, எந்தப் பண்ணை முட்டை என்று யார் கண்டது? ஆக, வண்டி இறங்குவதற்கு முன்னாலேயே பண்ணை பண்ணையாக முகர்ந்து பார்க்க ஒரு குழு வேண்டும், குழுவைப் பழக்க மாதிரி வேண்டும், மாதிரியைச் செய்ய உஷாராணி வேண்டும். முதலில் கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரை முட்டையில் கலந்து பார்த்தாள். பாய்லர் மணியன் மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, "கொஞ்சூண்டு சுடுசோறு இருந்தாத் தேவலீங்க மேடம்" என்றார், அறையே சிரித்தது, அந்த மாதிரி அன்றோடு போயிற்று, எச்சில் ஊறவைக்கிறதை வைத்துக்கொண்டு குறையை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அப்புறம் பெங்களூரிலிருந்து சின்ன பாட்டிலில் ரசாயனம் வந்தது, பார்க்கத் தண்ணீர், திறந்தால் மீன் சந்தை, எத்தனை மடங்கு கரைத்தாலும் முட்டையோடு ஒட்டாமல் தனியாக நின்றது, கோழியின் வயிற்றுக்குள்ளேயே ஊறி மஞ்சள் கருவோடு சேர்ந்து வருகிற வாடை வேறு அல்லவா... ஒரு வாரம் அந்தப் பாட்டிலோடு குடித்தனம் நடத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நாமக்கல்லில் தன் வீட்டு அடுப்படியில், ஆம்லெட்டுக்கு முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றியதும் ஆவி எழுந்தது, இதுதான், ஐயோ இதேதான்! இன்னொரு முட்டையை உடைத்தாள், அதிலும் இருந்தது, "கெடைச்சுருச்சுங்க!" என்று முன்னறைக்குக் கேட்கக் கத்தினாள், "என்னது, கம்மலா?" என்று கணவர் கேட்டார். எவ்வளவு சந்தோஷம் அப்போது, ஒன்றரை மாதம் ஊரெல்லாம் தேடியது தன் அடுப்பிலேயே கிடைத்தால் இருக்காதா, பாத்திரக்காரிக்கு வைத்திருந்த பழைய டப்பாவையெல்லாம் தேடி எடுத்து மிச்ச முட்டைகளை அட்டையோடு கட்டி ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வைத்தாள். கட்டும்போதுதான் அந்த அட்டையைச் சரியாகப் பார்த்தாள். அண்ணன் கொடுத்துவிட்ட அட்டை.

முப்பது முட்டை அடங்கிய அட்டை, வாரம் தவறாமல், பதினோரு வருடமாக... அண்ணன் சிவக்குமாரின் பண்ணை பரமத்தி வேலூரைத் தாண்டி ஜேடர்பாளையம் போகிற சாலையில் இருக்கிறது, வண்டி நாமக்கல் வருகிறபோதெல்லாம் டிரைவர் அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, "அண்ணன் குடுத்து உட்டாருங்க" என்று அட்டையை நீட்டிவிட்டுப் போவார். தங்கை வீட்டுக்கு வருகிற முட்டை, அதை வாடை பார்ப்பார்களா யாராவது? பதினோரு வருடம் தின்றிருக்கிறாள், பிள்ளையை அதைக் கொடுத்துத்தான் வளர்த்தாள், விடுதிக்குப் போகிறவரைக்கும் தினம் ஒன்று அவித்துக் கொடுத்தாள், ஒருநாள், ஒரே ஒரு நாளாவது மூக்கில் ஏறியதா, இல்லையே... ஒரு வாரம் அந்தக் குட்டி பாட்டிலைத் திறந்து திறந்து மூடியதால் மூக்கு முழித்துக்கொண்டது, அதற்கு முன்னால் அது எங்கே போயிருந்தது? மாதிரி செய்கிறவர்கள் முதலில் படிக்கிற பாடமே இதுதான், எந்நேரமும் கூட இருக்கிற வாசனை மூக்குக்குத் தெரியாது, அதை அவளே எட்டுப் பேருக்கும் போர்டில் எழுதிப் போட்டு விளக்கியிருக்கிறாள். அண்ணன் தீவனத்தில் கருவாட்டுத் தூளைக் கூடுதலாகப் போடுகிறார், சோயா விலைக்கு அது கட்டுப்படியாகிறது, ஊரில் இரண்டு பேர் போடுகிறார்கள், மூன்றாவது ஆளாக அவரும் போடுகிறார், அது குற்றமா என்றால் குற்றமில்லை, கோழிக்கு நோவில்லை, மனிதனுக்கும் நோவில்லை, வாடைதான். அந்த அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்தவர். அவர் பிளஸ் டூவோடு நின்றுகொண்டு அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார், "அம்முணி படிக்கட்டுமுங்கப்பா, நான் பண்ணையப் பாத்துக்கறேன்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, இந்த மூக்குக்குச் சோறு போட்டதே அவர்தான்... அப்பா போன மறு வருடம் பரமத்தி வேலூர் பத்திர ஆபீசில் நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், கூடப் பொறந்த பொண்ணுக எல்லோரும் போட்டுக் கொடுப்பதுதான், யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்க வேண்டியதாகவும் இல்லை, பேனாவை அண்ணனே மூடி திறந்து நீட்டினார். வெளியே வந்ததும் பட்டுச் சேலை, ஓட்டலில் சாப்பாடு, அடுத்த வாரம் முதல் அட்டை வந்தது.

தப்பு, முதல் அட்டையை இப்போது எதற்கு இழுக்க வேண்டும், பேச்சு அதுவா... பேச்சு இன்றைய கிண்ணம். அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டைகளை உடைத்து, ஒன்றாகக் கலக்கி, சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்தாள், அப்போதுதான் வாராவாரம் ஒரே வாடை இருக்கும், மாதிரி என்றால் மாறக் கூடாது. அது அப்படியே இருந்தால் ஆறு, வாடையில்லாத முட்டையில் பாதிக்குப் பாதி கலந்தால் மூன்று, குழுவை இதை வைத்து மூன்று மாதம் பழக்கியாகிவிட்டது. டப்பாக்களின் மேல் பண்ணைப் பெயரை அவள் எழுதவில்லை, ஒரு எழுத்து மட்டும் எழுதினாள், மேனேஜர் "எங்க புடிச்சீங்க இத, அருமையா இருக்குதுங்க" என்றபோது, "ஒரு பக்கம் கெடைச்சுதுங்க" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கோயில் நோம்பியில் அண்ணனைத் தனியாகப் பிடித்து, "தீவனத்துல அந்தத் தூளக் கொஞ்சம் கொறைங்கண்ணா" என்று சொல்லிப் பார்த்தாள், ஏன் என்று சொல்லவில்லை, கம்பெனி விஷயம், சொல்லக் கூடாது, அவரும் ஏன் என்று கேட்கவில்லை, "சரி சாமி" என்றார். குறைத்தும் இருக்கிறார், போன வாரத்து அட்டையை முகர்ந்து பார்த்தாள், ஆறு இல்லை, நான்கு இருக்கும், நான்கு... ஒரே ஒரு எண்! இன்றைக்கு ஐந்து பண்ணைகளின் முட்டை குழுவுக்குப் போகிறது, பெயர் கிடையாது, வெறும் எண்கள், அதில் நானூற்றுப் பதினேழு யாருடையது என்று இந்தக் கட்டிடத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். மேனேஜர் ஒரு பேச்சுக்குக் கேட்டார், "உங்க அண்ணன் பண்ணையும் இருக்குதேங்க, உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஆள வெக்கட்டுங்களா?" வேண்டாம் என்றாள், ஏன் வேண்டாம் என்றாள்? நேர்மையாக இருந்துவிடலாம் என்று நினைத்தா, இல்லை, கிண்ணம் தன் கையில் இருக்கட்டும் என்றா? வண்டி திரும்பினால் இந்த ஃபேக்டரியோடு போகாது, செக்போஸ்ட் டீக்கடைக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், வண்டி திரும்பின பண்ணை என்று பேர் விழுந்துவிடும், தங்கச்சியே உள்ளே உட்கார்ந்துகொண்டு திருப்பி அனுப்பினாளாம் என்பார்கள், அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை. மூன்றைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் போதும், எழுபதுக்கு முப்பது, நான்கைக் காட்டி இதுதான் மூன்று என்று வைத்துவிட்டால் அண்ணன் முட்டை மூன்றுக்குள் அடங்கிவிடும், யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஊற்றினாள். ஐம்பதில் நிறுத்துவதாகத்தான் மனதில் இருந்தது, குடுவையில் மஞ்சள் கோடு ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தாண்டி எழுபதில் வந்து நின்றது, நின்றது என்ன நின்றது, அவள்தான் நிறுத்தினாள்.

பத்தரைக்கு வந்துவிட்டார்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு, காப்பி குடிக்காமல், பவுடர் போடாமல், தைலம் தடவாமல், எல்லாம் அவள் போட்ட சட்டம்... பேக்கிங் பிரிவு தெய்வநாயகி மட்டும் தலையில் பூவோடு வந்தாள், "கனகாம்பரமுங்க மேடம், இதுக்கு எங்கீங்க வாசம்" என்று அவளே முந்திக்கொண்டாள். உஷாராணியைவிட ஆறேழு வயது மூத்தவள், எட்டாவது வரைக்கும் படித்தவள், குழுவில் சிறந்த மூக்கு அவளுடையதுதான். முதல் மாதம் எண் போடச் சொன்னால் பேனாவைத் திறக்கவே மாட்டாள், அக்கவுண்ட்ஸ் வித்யா என்ன போடுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் போடுவாள், "அவிங்க படிச்சவிங்க, எனக்கென்னங்க தெரியும்" என்பாள். நடுவில் தடுப்புப் பலகை அடித்துப் போட்டு, "நாயகியக்கா, இதுல படிப்பு ஒண்ணுமில்ல, உங்க மூக்கு என்ன சொல்லுதோ அதுதான் சரி, மனசுல மொதல்ல என்ன தோணுதோ அத எழுதுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி, மூன்று மாதத்தில் அந்த மூக்குக்குத் துணிச்சல் வர வைத்தது உஷாராணிதான், யாராவது பாராட்டினால் இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைகூட அடித்துக்கொள்வாள். இப்போது எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நின்று மாதிரிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள், பூஜ்யம் ஒரு சுற்று போயிற்று, மூன்று போயிற்று, வித்யா முகர்ந்து தலையாட்டினாள், மணியன் முகர்ந்து கொஞ்சம் நின்று மறுபடி முகர்ந்து சீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார், தெய்வநாயகி மூடியை ஒரு ஓரமாகத் தூக்கினாள், மூடினாள், ஜன்னல் பக்கம் போய் மூச்சு விட்டுவிட்டு வந்து மறுபடி தூக்கினாள்.

"ஏனுங்க மேடம், இது மூணு இல்லீங்களே."

"ஏனுங்க்கா?"

"போன வாரத்து மூணு இப்படி இல்லீங்க, அது வந்து பொறகால நிக்குமுங்க, இது மூடியத் தொறந்ததும் முன்னால வருது. நாலுங்க இது."

இருபது மில்லி, மூக்கு வைத்து எடுத்துவிட்டாளே... மற்றவர்கள் உஷாராணியைப் பார்த்தார்கள், மணியன் தன் காலைப் பார்த்தார், அவருக்கும் தெரிந்திருக்கிறது, சீட்டில் எழுதியிருக்கிறதே என்று விட்டுவிட்டார். ஒரு வார்த்தை போதும் இப்போது, "இல்லீங்க்கா, அதுதான் மூணு, அப்படியே மனசுல வாங்கிக்குங்க", மாதிரி என்ன சொல்கிறதோ அதற்கு மூக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி, அவளே சொல்லிக்கொடுத்த விதி. அவள் வாயைத் திறப்பதற்குள் தெய்வநாயகியே பின்வாங்க ஆரம்பித்துவிட்டாள், "நீங்க கலக்குனா சரியாத்தானுங்க இருக்கும், எனக்குத்தான் காத்தால இருந்து மூக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்று சிரித்தாள், மறுபடி மூடியைத் தூக்கினாள், இந்தத் தடவை முகம் வேறு மாதிரி இருந்தது, இல்லாததை இருக்கிறதாக நினைக்க முயற்சி செய்கிற முகம், முதல் மாதத்து முகம், ஓரக்கண் வித்யா பக்கம் போயிற்று...  அண்ணன் வண்டியை உள்ளே விட இந்த மூக்கைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, எட்டாவது படித்த ஒருத்தி நாற்பத்தெட்டு வயதில் முதல் முதலாக நான் சொல்வது சரி என்று நம்பிய ஒன்று, அதை நாமே கொடுத்து நாமே பிடுங்குவதா? உஷாராணிக்கு வெட்கமாக இருந்தது, காது மடல்வரைக்கும் சுட்டது.

"நாயகியக்கா, உங்க மூக்குக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் அளவு தப்பாக் கலந்துட்டேன். ஒரு கால் மணி நேரம் பொறுங்க, வேற கலந்து கொண்டாரேன்."

"பாத்தீங்களா, நாஞ் சொன்னனுங்கல்ல" என்று தெய்வநாயகி மணியனைப் பார்த்துச் சொன்ன சந்தோஷம் லேபுக்குள் வந்த பிறகும் கேட்டது. எழுபதுக்கு முப்பதைத் தொட்டியில் கொட்டினாள், புதிதாக ஒரு டப்பாவை எடுத்துக் கரைத்தாள், ஐம்பதுக்கு ஐம்பது, வேகவைத்தாள், மூடினாள், இதற்குள் இப்படிச் செய்ததற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ள ஒரு ஆசை எட்டிப் பார்த்தது, அதை அப்படியே அமுக்கினாள், பிடிபட்டதால் திருந்தியதற்கு யார் மெடல் குத்துவார்கள்... புதுக் கிண்ணத்தை முகர்ந்து, "இப்பச் சரிங்க" என்று தெய்வநாயகி சொன்ன பிறகு எட்டுப் பேரும் தடுப்புகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது, ஐந்து எண்கள், ஐந்து கிண்ணங்கள், கலக்கியவள் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் உஷாராணி வெளியே நடையில் வந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே முட்டை லாரி ஒன்று தார்ப்பாய் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றது, அண்ணன் வண்டியா என்று பார்த்தாள், இல்லை. அண்ணனுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன, சொல்லக் கூடாது, சொல்லாமல் இருந்தால் அது தங்கையா... போன் அதிர்ந்தது, பார்த்தால் அவரேதான்.

"என்ன அம்முணி, வேலையா இருக்கறயா?"

"இல்லீங்ண்ணா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சாமி, நாளைக்கு வண்டி வருது, அட்டை குடுத்து உடறேன், ஊட்டுல ஆள் இருப்பீங்கல்லொ? உனக்குன்னு பெரிய முட்டையாப் பொறுக்கி வெக்கச் சொல்லீருக்கறேன்."

பெரிய முட்டையாகப் பொறுக்கி... இந்தக் குரலுக்குத்தான் இவ்வளவு நேரம் எழுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் அல்லாடினாள். நேராகச் சொல்ல வாய் வரவில்லை, சுற்றி வளைத்தாள், "அண்ணா, அந்த முட்டையில கொஞ்சம் கருவாட்டு வாடை வருதுங்கண்ணா, ஆம்லெட் போட்டாத் தெரியுது, அண்ணி ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?"

"உங்க அண்ணியா? அவ எங்க சாமி இதத் தொடறா" என்று அண்ணன் சிரித்தார், கள்ளமில்லாத, பழைய சிரிப்பு. "நாம எந்தக் காலத்துல பண்ணை முட்டை தின்னோம்? ஊட்டுக்குன்னு பத்து நாட்டுக்கோழி கெடக்குதல்ல, பசங்களுக்கெல்லாம் அதுதான். உனக்குத்தான் டவுனுல இருக்கறயேன்னு இதக் குடுத்து உடறது. சரி, வெச்சரட்டுமா, ஆளுக நிக்கறாங்க."

வைத்துவிட்டார். உஷாராணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்... டவுனில் இருக்கிறாயே என்று, நாமக்கல் டவுனில், தெருவுக்கு நாலு முட்டைக் கடை இருக்கிற டவுனில், பண்ணை முட்டை கிடைக்காதா எனக்கு? பத்து நாட்டுக்கோழி, நோம்பிக்குப் போனபோதுகூடக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன, பார்த்தாள்தான், அண்ணி அன்று காலை பிள்ளைகளுக்கு அவித்து வைத்த முட்டை சின்னதாக, ஓடு செம்மண் நிறமாக இருந்தது, அதையும் பார்த்தாள், பார்த்து என்ன போட்டாள், பூஜ்யம்தான் போட்டாள். அவருக்குத் தெரியுமா, தெரிந்தே அனுப்புகிறாரா? சீச்சீ, பெரிய முட்டையாகப் பொறுக்கி அனுப்புகிறவர், தெரிந்து செய்வாரா, தெரியாமல் எப்படிப் பத்து கோழி தனியாக நிற்கும், வீட்டுக்கு வேண்டாம் என்று வைத்தது தங்கைக்கு ஆகும் என்று எந்த நிமிஷத்தில் ஒரு மனதுக்குத் தோன்றும், தோன்றவே தோன்றாதோ, பேனாவின் மூடியைத் திறந்து நீட்டியபோது தோன்றாத மாதிரி... கோபம் வருகிறதா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள், கோபம் மாதிரி ஒன்று இருந்தது, கூடவே அந்தச் சிரிப்பின் மேல் பாசமும் இருந்தது, இரண்டும் ஒரே தொட்டியில் உடைந்து கலந்துவிட்டிருந்தன. உள்ளே சிவப்பு விளக்கு அணைந்தது.

சீட்டுகள் வந்தன. எட்டிலும் நானூற்றுப் பதினேழைத் தேடினாள், நான்கு, நாலரை, மூன்றரை, நான்கு, ஐந்து... கூட்டி வகுத்தால் நாலே கால். தெய்வநாயகி சீட்டு கடைசியில் இருந்தது, அவள் நாலு போட்டிருந்தாள், பக்கத்தில் எந்த வாசனையை நினைவுபடுத்துகிறது என்று எழுதுகிற கட்டத்தில் 'லேசா கருவாடு' என்று உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள், அதற்கு மேலே முதலில் வேறு எதையோ எழுதி அடித்திருந்தாள். அடித்தால் ஒற்றைக் கோடாகத்தான் அடிக்க வேண்டும், அடியில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும், அதுவும் லேப் சட்டம், அதையும் உஷாராணிதான் சொல்லிக்கொடுத்தாள். ஒற்றைக் கோட்டுக்கு அடியில் 'மேடம் டிபன் டப்பா' என்று இருந்தது. மனதில் முதலில் தோன்றியது... உஷாராணி அந்தச் சீட்டை மற்றதோடு சேர்த்து அடுக்கினாள், நுனி மட்டம் வரத் தட்டினாள், பட்டியல் தாளை எடுத்து எண்களுக்கு நேராகப் பண்ணைகளின் பெயரை எழுதினாள், நானூற்றுப் பதினேழுக்கு நேராக அண்ணன் பெயரை எழுதி, திருப்பு என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் கேன்டீனில் வழக்கம்போல தெய்வநாயகி எதிரில் வந்து உட்கார்ந்தாள், இன்றைக்கு முகத்தில் ஒரு களை, "மேடம், நாலுங்கறத எப்புடிப் புடிச்சேன் பாத்தீங்களா" என்றாள், சோற்று டப்பாவைத் திறந்தாள், மூடிக்குள்ளிருந்து வழக்கம்போல அறுத்த எலுமிச்சம்பழத்தின் இரண்டு பாதியையும் எடுத்து ஓரமாக வைத்தாள். உஷாராணி தன் டப்பாவைத் திறந்தாள், மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாகப் போட்ட முட்டைப் பொரியல், வாராவாரம் அட்டை வருகிற வீட்டில் கடையிலா வாங்க முடியும், பாதியை எடுத்து தெய்வநாயகியின் டப்பா மூடியில் வைத்தாள், எட்டு வருடமாக வைப்பதுதான். "நல்லாருக்குமுங்க உங்க பொரியலு" என்று தெய்வநாயகி சொன்னாள், சொல்லிக்கொண்டே எலுமிச்சம்பழத்தை அதன் மேல் நன்றாகப் பிழிந்தாள், எட்டு வருடமாகப் பிழிவதுதான், இந்த அக்காவுக்கு எதை எடுத்தாலும் எலுமிச்சம்பழம் என்று உஷாராணி கேலிகூடச் செய்திருக்கிறாள். புளிப்புப் பட்டால் மீன் வாடை அடங்கிவிடும், அது காலேஜில் இரண்டாம் வருடப் பாடம், மார்க்குகூட வாங்கினாள்... தெய்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு நொடி பார்த்தார்கள், அப்புறம் அவள் அறுத்த பழத்தின் மறு பாதியை மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்தினாள். உஷாராணி அதை எடுத்தாள். இன்றைய முட்டை நான்கு, ஃப்ரீசரில் இருப்பது ஆறு, அதெல்லாம் தெரிகிறது, பதினோரு வருடத்துக்கு முன்னால் பட்டுச் சேலைக்கு அடுத்த வாரம் வந்ததே, அந்த முதல் அட்டை எத்தனையாக இருந்திருக்கும், அன்றைக்கு யார் முகர்ந்தார்கள், அதற்கு மாதிரி எங்கே போய் எடுப்பது என்று யோசித்துக்கொண்டே, பழத்தைப் பிழியவும் இல்லாமல் கீழே வைக்கவும் இல்லாமல், விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.